படம் பெரிது, வாசல் சிறிது

யாத்திரை செல்லும் குடும்பங்களின் மூட்டை காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. இரண்டு தலைமுறைக்கு முன் கட்டுச்சோறும், கூஜாவில் தண்ணீரும், மடித்த ஜமக்காளமும் இருந்தால் புறப்பட்டுவிடலாம். சத்திரத்து வாசலில் பெயரையும் ஊரையும் சொன்னால் தங்க இடம் கிடைக்கும். இன்று பெயரும் ஊரும் மட்டும் போதுவதில்லை. அமர்நாத் யாத்திரைக்கு முன்பதிவு கட்டாயம். மருத்துவச் சான்றும் ஒளிப்படமும் வேண்டும். கேதார்நாத், பத்ரிநாத், கங்கோத்ரி, யமுனோத்ரி ஆகிய நான்கு தலங்களுக்கும் முன்பதிவின்றிச் செல்ல இயலாது. தங்கும் விடுதி, தரிசன நேரம், மலைப்பாதை வாகனம் என ஒவ்வொன்றுக்கும் அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருக்கிறது. அவற்றுள் சிலவற்றுக்கு அட்டையின் படத்தையே இணையத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

வீட்டில் இருக்கும்போது இது பெரிய காரியம் அன்று. மகனோ மருமகளோ தம் கணினியில் சில நிமிடங்களில் முடித்துத் தருவார்கள். சிக்கல் எழுவது பயணத்தின் நடுவில்தான். குழுவில் ஒருவர் கடைசி நேரத்தில் சேர்ந்திருப்பார். அல்லது ஒருவருடைய பதிவு மட்டும் நிராகரிக்கப்பட்டிருக்கும். ஹரித்வாரில் ஒரு விடுதி அறையில் அமர்ந்து, கைப்பேசியில் படிவத்தை நிரப்பி, படத்தைத் தேர்ந்தெடுத்தால், 'கோப்பின் அளவு வரம்பை மீறியது' என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி தோன்றும். படிவம் கேட்பது 200 கிலோபைட். கைப்பேசி எடுத்த படமோ 4 மெகாபைட். மறுநாள் அதிகாலை வண்டி புறப்பட வேண்டும். ஒருவருடைய பதிவு நின்றால் அவருடன் குடும்பமே நிற்கும்.

அந்தப் பதற்றத்தில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். தேடுபொறியில் 'போட்டோ சைஸ் குறைக்க' என்று தட்டி, முதலில் வரும் பக்கத்தில் ஆதார் அட்டையின் படத்தை ஏற்றிவிடுகிறார்கள். அல்லது அருகிலுள்ள ஜெராக்ஸ் கடைக்குச் சென்று, கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அட்டையை அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் காரியம் முடிந்துவிடும். ஆனால் அட்டையின் நகல் முன்பின் அறியாத ஓர் இடத்தில் தங்கிவிடும். படத்தைச் சுருக்குவதற்கு இத்தகைய விலை கொடுக்க வேண்டியதே இல்லை. எந்த மென்பொருளையும் புதிதாக நிறுவாமல், யாரிடமும் படத்தை ஒப்படைக்காமல், கையில் உள்ள கருவியைக் கொண்டே இதைச் செய்துகொள்ள முடியும். அதற்கு முதலில், படம் ஏன் பெரிதாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புள்ளிக் கணக்கு

வாசலில் இடும் புள்ளிக் கோலத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கைப்பேசி எடுக்கும் படமும் ஒரு புள்ளிக் கோலமே. 12 மெகாபிக்சல் கேமரா என்றால், அகலத்தில் 4000 புள்ளிகளும் உயரத்தில் 3000 புள்ளிகளும், ஆக மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்களின் அளவைக் குறித்துவைக்க வேண்டும். நிறம் ஒன்றுக்கு ஒரு பைட் வீதம் கணக்கிட்டால் 3 கோடியே 60 லட்சம் பைட், அதாவது ஏறத்தாழ 36 மெகாபைட் ஆகும்.

ஆனால் கைப்பேசியில் அதே படம் 3 முதல் 5 மெகாபைட் அளவில்தான் இருக்கிறது. இந்தச் சுருக்கத்தைச் செய்வது 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் என்னும் முறை. அதன் அடிப்படையான கணிதத்தை 1974இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்னும் மூவர். அவர்களுள் நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். உலகெங்கும் நாள்தோறும் அனுப்பப்படும் படங்களில் மிகப் பெரும்பகுதி இம்மூவரின் கணக்கைக் கடந்தே செல்கிறது.

அந்த முறை செய்வது, கணக்கில் பைசாவை விட்டு ரூபாயாக முழுமையாக்குவதைப் போன்றது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளை முழு எண்ணாக்கிவிடுகிறது. மனிதக் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கூர்மையாகவும், நிறத்தின் ஏற்றத்தாழ்வைச் சற்று மந்தமாகவும் காண்பதால், நிறக் கணக்கில் கூடுதலாகச் சிக்கனம் செய்கிறது. தொகை பார்வைக்கு மாறுவதில்லை, பேரேடு மெலிந்துவிடுகிறது.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. ரூபாயாக முழுமையாக்கிய கணக்கிலிருந்து பைசாவை மீட்க முடியாது. சுருக்கிய படத்தை மீண்டும் பெரிதாக்கினாலும் போன நுணுக்கம் திரும்பாது. சுருக்கியதையே மறுபடியும் சுருக்கினால் இழப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே மூலப் படத்தை எப்போதும் தொடாமல் வைத்து, அதிலிருந்து நகல் எடுத்தே சுருக்க வேண்டும். மூலவர் கருவறையில் எழுந்தருளியிருக்க, வீதி உலா வருபவர் உற்சவர் அல்லவா? படத்துக்கும் அவ்வழக்கம் பொருந்தும்.

சுருக்குவதற்கு வழிகள் மூன்று. முதலாவது, தேவையற்ற ஓரங்களை வெட்டுவது. மேசைமேல் வைத்து எடுத்த அட்டைப் படத்தில் பாதிக்கு மேல் மேசையே இருக்கும். அகலத்தில் பாதியையும் உயரத்தில் பாதியையும் வெட்டினால் புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகிவிடும். இரண்டாவது, புள்ளிகளின் எண்ணிக்கையையே குறைப்பது. 4000க்கு 3000 என்பதை 1200க்கு 900 ஆக்கினால், எஞ்சுவது 10 லட்சத்து 80 ஆயிரம் புள்ளிகள். மூலத்தில் நூற்றுக்கு ஒன்பது பங்கு. மூன்றாவது, தரத்தைக் குறைப்பது, அதாவது முழுமையாக்குவதை இன்னும் தாராளமாகச் செய்வது. முதல் இரண்டையும் செய்த பிறகே மூன்றாவதற்குச் செல்ல வேண்டும். தரத்தை முதலில் குறைத்தால் முகத்தில் கட்டம் கட்டமாகத் தோன்றும். அட்டையின் எழுத்தோ கலங்கிவிடும்.

எவ்வளவு புள்ளிகள் போதும்? 35க்கு 45 மில்லிமீட்டர் அளவுள்ள ஒளிப்படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிடவே 413க்கு 531 புள்ளிகள் போதுமானவை. ஆகவே படிவத்துக்கு 4000 புள்ளி அகலம் அனுப்புவது, ஆழாக்கு அரிசி வாங்க வண்டி கட்டிக்கொண்டு போவதற்கு ஒப்பாகும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில படிவங்கள் மேல்வரம்பை மட்டுமன்றிக் கீழ்வரம்பையும் வைத்திருக்கின்றன. வங்கிப் பணித் தேர்வுக்கான விண்ணப்பங்களில் ஒளிப்படம் 20 முதல் 50 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். கையொப்பம் 10 முதல் 20 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். அங்கே அளவுக்கு மீறிச் சுருக்கியதும் நிராகரிக்கப்படும். படிவத்தின் குறிப்பை முழுவதும் படித்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். கிலோபைட் எது, மெகாபைட் எது என்பதிலும் கவனம் தேவை. 1024 கிலோபைட் சேர்ந்தது ஒரு மெகாபைட்.

கைப்பேசியிலேயே உள்ள வழிகள்

ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்போர், தம் படத்தொகுப்பில் அந்தப் படத்தைத் திறந்து, திருத்தும் குறியைத் தொட்டு, முதலில் ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். சில நிறுவனங்களின் கைப்பேசிகளில் அதே இடத்தில் 'ரீசைஸ்' என்னும் வசதியும் இருக்கும். திருத்திய படத்தைச் சேமிக்கும்போது, 'நகலாகச் சேமி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மூலம் பத்திரமாக இருக்கும். இனிமேல்தான் படம் எடுக்கவேண்டும் என்றால் இன்னும் எளிது. பல கைப்பேசிகளில் கேமராவின் அமைப்பிலேயே படத்தின் அளவைக் குறைத்து வைத்துக்கொண்டு எடுக்கலாம்.

ஐபோன் வைத்திருப்போருக்கு இரண்டு வழிகள் உண்டு. அதனுடன் வரும் மெயில் செயலி வழியாகப் படத்தைத் தமக்குத் தாமே அனுப்பினால், சிறியது, நடுத்தரம், பெரியது, உள்ளபடி என்று அளவைக் கேட்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிப் பெற்றுக்கொள்ளலாம். படத்தை ஃபைல்ஸ் செயலியில் சேமித்து, அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்தால், அண்மைக்காலப் பதிப்புகளில் படத்தை மாற்றும் வசதி தோன்றும். அங்கே ஜேபெக் வடிவத்தையும் அளவையும் ஒன்றாகவே தேர்ந்தெடுக்கலாம்.

ஐபோன்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2017 முதல் அக்கைப்பேசிகள் இடத்தை மிச்சப்படுத்த ஹெயிக் என்னும் வேறு வடிவத்தில் படத்தைச் சேமிக்கின்றன. பல படிவங்கள் அதை ஏற்பதில்லை. அமைப்புகளில் கேமரா, அதனுள் ஃபார்மட்ஸ் என்னும் இடத்தில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதன்பின் எடுக்கும் படங்கள் ஜேபெக் வடிவிலேயே அமையும்.

எல்லாக் கைப்பேசிகளுக்கும் பொதுவான வழி வாட்ஸ்அப். சாதாரணத் தரத்தில் ஒரு படத்தை அனுப்பினால் வாட்ஸ்அப் அதைத் தானாகவே சுருக்கிவிடுகிறது. உடன் வரும் குடும்பத்தார் ஒருவருக்கு அனுப்பினால், அவர் கைப்பேசியில் வந்து சேரும் நகல் பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கியிருக்கும். படிவத்தை அவருடைய கைப்பேசியிலேயே நிரப்பிவிடலாம். எச்டி என்னும் குறியைத் தொட்டு அனுப்பினால் இந்தச் சுருக்கம் குறைந்துவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் சுருங்கவே சுருங்காது. வீட்டாருக்குத் தரம் குறையாத படம் வேண்டும் என்னும்போது அந்த டாக்குமெண்ட் வழியே உதவும்.

படத்தைத் திரை முழுவதும் விரித்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பது பலரும் கையாளும் குறுக்குவழி. அதுவும் புள்ளிகளைத் திரையின் அளவுக்குக் குறைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் பல கைப்பேசிகளில் ஸ்கிரீன்ஷாட் பிஎன்ஜி வடிவில் சேமிக்கப்படும். ஜேபெக் கேட்கும் படிவம் அதை ஏற்காது. கோப்பின் பெயரின் இறுதியில் உள்ள பிஎன்ஜியை அழித்து ஜேபிஜி என்று எழுதிவிட்டால் வடிவம் மாறிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். பெயர்ப்பலகையை மாற்றினால் கடையில் உள்ள சரக்கு மாறுவதில்லை. உள்ளே இருப்பது பிஎன்ஜிதான் என்பதைப் படிவம் பல நேரங்களில் கண்டுகொள்ளும்.

பிறர் கணினியில் செய்யும்போது

விடுதியின் வரவேற்பறையிலோ, பிரவுசிங் சென்டரிலோ கணினி கிடைத்தால், அதிலும் எதையும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸ் கணினிகளில் பெயிண்ட் என்னும் நிரல் உண்டு. படத்தை அதில் திறந்து, கண்ட்ரோல் விசையையும் டபிள்யூ விசையையும் சேர்த்து அழுத்தினால் அளவு மாற்றும் பெட்டி தோன்றும். பிக்சல் என்பதைத் தேர்ந்தெடுத்து, அகலத்துக்கு நேராக 600 என்று இட்டால் உயரம் அதற்கேற்பத் தானே அமையும். விகிதத்தைக் காக்கும் கட்டத்தில் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் முகம் குடைராட்டினக் கண்ணாடியில் பார்த்தது போல் நீண்டுவிடும். பின்னர் 'சேவ் ஆஸ்' வழியாக, வேறு பெயரில், ஜேபெக் வடிவில் சேமிக்க வேண்டும். அளவு இன்னும் மிகுதியாக இருந்தால் மூலத்தைத் திறந்து 500 என்று இட்டுப் பார்க்கலாம். ஆப்பிள் கணினி என்றால் பிரிவியூ என்னும் நிரலில் டூல்ஸ் பகுதியில் இதே வசதி இருக்கிறது.

வேலை முடிந்ததும் எழுந்துவிடக் கூடாது. கணினியில் இறக்கிய படங்களையும், சுருக்கிச் சேமித்த நகல்களையும் அழிக்க வேண்டும். வெறுமனே அழித்தால் அவை ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். அதையும் காலி செய்ய வேண்டும். படத்தை மாற்றுவதற்காக வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், கைப்பேசியில் 'லிங்க்டு டிவைசஸ்' என்னும் இடத்துக்குச் சென்று அந்தக் கணினியை நீக்க வேண்டும். இதை மறந்தவரின் உரையாடல்களை, அடுத்து அந்த நாற்காலியில் அமர்பவர் படிக்க முடியும். மின்னஞ்சலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இணையப் பக்கங்கள்: நம்பலாமா?

படத்தைச் சுருக்கித் தரும் இணையப் பக்கங்கள் இரண்டு வகை. ஒரு வகை, படத்தைத் தன் சேவையகத்துக்கு எடுத்துச் சென்று, அங்கே சுருக்கித் திருப்பித் தரும். சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று பல பக்கங்கள் எழுதிவைத்திருக்கின்றன. அதைப் பயனர் சரிபார்க்க வழி இல்லை. 2025 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பின் டென்வர் அலுவலகம், இலவசமாகக் கோப்புகளை மாற்றித் தருவதாகச் சொல்லித் தீங்கான நிரல்களைப் புகுத்தும் பக்கங்கள் குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது. இத்தகைய பக்கங்கள் கேட்ட வேலையைச் செய்தும் கொடுக்கும். அதனால்தான் ஐயம் எழுவதில்லை.

மற்றொரு வகை, படத்தை எங்கும் அனுப்பாமல், பயனரின் கைப்பேசியிலேயே உலாவிக்குள் வேலையை முடிப்பது. கூகுளின் குரோம் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஸ்குவூஷ் என்னும் பக்கம் இவ்வகையைச் சேர்ந்தது. படத்தைத் திறந்தால் மூலமும் சுருக்கியதும் அருகருகே தெரியும். நடுவிலுள்ள கோட்டை நகர்த்தி ஒப்பிடலாம். அகலத்தை மாற்றலாம், தரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அதற்கேற்ப எத்தனை கிலோபைட் ஆகும் என்பதும் கீழே தெரியும்.

ஒரு பக்கம் எந்த வகை என்பதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். பக்கம் முழுவதும் திறந்தபின், படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், கைப்பேசியை ஃபிளைட் மோடில் வைத்துவிட வேண்டும். அதன்பின் படத்தைத் திறந்து சுருக்கிப் பார்க்கலாம். இணைப்பே இல்லாமல் சுருங்கினால் வேலை கைப்பேசிக்குள்ளேயே நடந்திருக்கிறது. சேமித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, பிறகு இணைப்பைத் திறக்கலாம். சுருங்கவில்லை என்றால் அந்தப் பக்கம் படத்தை வெளியே கேட்கிறது என்று பொருள். கோபுரத்தின் படத்தை அங்கே கொடுப்பதில் பெரிய கேடு இல்லை. ஆதாரையும், பாஸ்போர்ட்டையும், மருத்துவச் சான்றையும் கொடுக்கலாகாது. எதையேனும் நிறுவச் சொன்னாலோ, கைப்பேசி எண்ணும் ஓடிபியும் கேட்டாலோ அக்கணமே வெளியேறிவிட வேண்டும். படம் சுருக்குவதற்கு ஓடிபி எதற்கு?

குழுவில் போடும் ஆதார்

யாத்திரைக் குழுக்களில் இன்று ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. 'எல்லாரும் ஆதாரை குரூப்பில் போட்டுவிடுங்கள்' என்று ஏற்பாட்டாளர் ஒரு செய்தி இடுவார். நாற்பது பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் நாற்பது அட்டைகளும் அரை மணி நேரத்தில் வந்து விழும். ஏற்பாட்டாளர் நல்லவரே, உடன் வருவோரும் அடியார்களே. ஆனாலும் ஒவ்வோர் அட்டையும் நாற்பது கைப்பேசிகளில் பதிவாகிறது. அவற்றில் பலவற்றில் படங்கள் தாமாகவே படத்தொகுப்பில் சேர்ந்து, அங்கிருந்து இணையச் சேமிப்புக்கும் சென்றுவிடும். நாற்பதில் ஒரு கைப்பேசி தொலைந்தால், ஒன்று பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டால், நாற்பது குடும்பங்களின் விவரமும் வெளியேற வழி பிறக்கிறது. பெயர், பிறந்த தேதி, முகவரி, எண், முகம் ஆகிய ஐந்தும் ஒரே அட்டையில் கிடைத்தால், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அழைப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? முழு விவரத்தையும் சரியாகச் சொல்பவனைப் பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள். ஓய்வூதியக் கணக்குகள் வெறுமையாவது பல நேரங்களில் இப்படித்தான்.

இதற்கு மாற்று கடினம் அன்று. அட்டையை ஏற்பாட்டாளருக்குத் தனியாக அனுப்பலாம். எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்து இறுதி நான்கை மட்டும் காட்டும் மாஸ்க்டு ஆதார், ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கிறது. விடுதி போன்ற இடங்களில் அது ஏற்கப்படுமா என்று கேட்டு, ஏற்றால் அதையே கொடுக்கலாம். பதிவு முடிந்ததும் படங்களை அழித்துவிடுமாறு ஏற்பாட்டாளரைக் கேட்பதில் கூச்சப்பட ஏதுமில்லை. குழுவில் உள்ள இளைஞர் ஒருவர் பெரியவர்கள் அனைவருக்கும் படத்தைச் சுருக்கிப் படிவம் நிரப்பித் தருவார் என்றால் அது நல்ல தொண்டு. படிவம் ஏற்கப்பட்ட பிறகு, தம் கைப்பேசியில் தங்கிய பிறர் அட்டைகளை அவர்கள் கண்முன்னே அழித்துவிட்டால்தான் அத்தொண்டு நிறைவுபெறும்.

விவரம் திருடப்பட்டுப் பணம் போனதாகத் தெரியவந்தால், எந்த ஊரில் இருந்தாலும் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். இணையக் குற்றங்களால் நேரும் பண இழப்பைப் பதிவு செய்வதற்கான தேசிய உதவி எண் அது. ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

நினைவுப் படங்கள்

அட்டைகளைப் போலவே, தரிசன நினைவாக எடுத்த படங்களையும் உறவினர்களுக்கு அனுப்பவும் இணையத்தில் இடவும் சுருக்க வேண்டியிருக்கிறது. மலையூர்களில் இணைப்பு மெதுவாகவே இருக்கும். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகம் என்று கொண்டால், 4 மெகாபைட் படம் ஒன்று செல்ல 32 நொடி ஆகும். அத்தகைய நாற்பது படங்களுக்கு 21 நிமிடங்கள். அவற்றை 200 கிலோபைட்டாகச் சுருக்கினால் நாற்பதும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் சென்றுவிடும். குளிரில் விரைவாகக் குறையும் மின்கலத்தின் சக்தியும் மிச்சமாகும். கைப்பேசித் திரைகளில் பார்ப்பதற்கு 1200 புள்ளி அகலமே நிறைவாக இருக்கும்; வீட்டுத் தொலைக்காட்சியில் காட்ட 1920 புள்ளி போதும். அச்சிட்டுச் சட்டமிட்டு மாட்ட விரும்பும் படத்துக்கு மட்டும் மூலமே வேண்டும்.

கைப்பேசிப் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பேடும் இருக்கிறது. எடுத்த நாள், நேரம், கைப்பேசியின் வகை ஆகியவற்றோடு, இட அனுமதி கொடுக்கப்பட்டிருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் பதிவாகியிருக்கும். வீட்டு வாசலில் புறப்படும்போது எடுத்த குடும்பப் படம் வீட்டின் இருப்பிடத்தைச் சொல்லும். மறுநாள் காசியில் எடுத்த படம் வீடு பூட்டிக் கிடப்பதைச் சொல்லும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இந்த இடக்குறிப்பு நீங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் நீங்காது. ஐபோனில் பகிரும்போது மேலே உள்ள 'ஆப்ஷன்ஸ்' என்பதைத் தொட்டு இடத்தை நீக்கலாம். எல்லாருக்கும் தெரியும்படி இடும் படங்களை ஊர் திரும்பிய பிறகு இடுவது இன்னும் நல்லது. இரண்டு வாரம் தாமதித்தால் தரிசனத்தின் பலன் குறைந்துவிடாது.

புறப்படும் முன் ஒரு மாலை

மேலே சொன்ன வழிகள் அனைத்தும் நெருக்கடியில் கைகொடுப்பவை. நெருக்கடியே வராமல் செய்வதற்கு, புறப்படுவதற்குச் சில நாள் முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் போதும்.

குடும்பத்தில் ஒவ்வொருவரையும் வெள்ளைச் சுவர் முன் நிறுத்தி, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று நகல்கள் செய்துகொள்ள வேண்டும்: 50 கிலோபைட்டுக்குள் ஒன்று, 200 கிலோபைட்டுக்குள் ஒன்று, ஒரு மெகாபைட்டுக்குள் ஒன்று. பெரும்பாலான படிவங்கள் இம்மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். கோப்பின் பெயரை, இடைவெளி விடாமல், ஆங்கில எழுத்தில் பெயரும் அளவும் தெரியும்படி வைத்தால் தேடும்போது தடுமாற்றம் இராது. அடையாள அட்டைகளை ஓரம் வெட்டி, எழுத்துகள் தெளிவாகப் படிக்கக்கூடிய அளவில் சுருக்கி, படமாக ஒன்றும் பிடிஎஃப் ஆக ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும். சுருக்கிய பின், அட்டையில் உள்ள மிகச் சிறிய எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பெரியவர் ஒருவரிடம் காட்டிக் கேட்பது நல்ல சோதனை.

இவற்றை ஒரு கைப்பேசியில் மட்டும் வைக்காமல், உடன் வரும் மற்றொருவரின் கைப்பேசியிலும் வைக்க வேண்டும். அட்டைகளை டிஜிலாக்கரில் சேர்த்துவிட்டால், கைப்பேசியே தொலைந்தாலும் வேறொன்றிலிருந்து எடுக்கலாம். இரண்டு கைப்பேசிகளுக்கும் திரைப்பூட்டு இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபின், பல இடங்களில் அதை வாசலில் ஒப்படைத்துவிட்டே உள்ளே செல்கிறோம். பூட்டாத கைப்பேசியை ஒப்படைப்பது, பெட்டியைத் திறந்துவைத்துக் கொடுப்பதற்குச் சமம். இவ்வளவுக்கும் மேல், அச்சிட்ட ஒளிப்படங்கள் ஆளுக்கு நான்கும், அட்டையின் ஜெராக்ஸ் இரண்டும் பையில் இருக்கட்டும். மின்சாரமும் இணைப்பும் இல்லாத இடத்தில் காகிதமே துணை.

இந்த வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் விட்டுவிடாமல், அவர்களைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பெரியவர்கள் தம் கையாலேயே ஒரு படத்தையாவது சுருக்கிப் பார்க்க வேண்டும். இருமுறை செய்தால் கை பழகிவிடும். பிறகு ஹரித்வாரிலோ குப்தகாசியிலோ சிவப்பு எழுத்தில் அந்த ஒரு வரி தோன்றினாலும், இரவு நேரத்தில் கடை தேடி அலைய வேண்டியிராது. அட்டையை அந்நியர் கையில் கொடுக்கவும் வேண்டியிராது. ஐந்து நிமிடத்தில் பதிவை முடித்துவிட்டு, அதிகாலைப் பயணத்துக்காக நிம்மதியாக உறங்கச் செல்லலாம்.